தாமதத்தின் பேட்டா

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் என் சித்தப்பாவின் அலுவலகம். ஒரு வீட்டின் முன்னறைதான். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், சுவர் முழுக்கக் கோப்புகள். வருமான வரி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பது தொழில். சி.ஏ. படித்தவர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டரிடம் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டவர். ஆனாலும் ஊரில் அவர் பெயர் 'ஆடிட்டர் சார்'. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பட்டு நெசவைச் சார்ந்தவர்கள்: சேலை வியாபாரிகள், சாயப்பட்டறைக்காரர்கள், நூல் கடைக்காரர்கள்.

2022 பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். ஜனவரி 11, இரவு பத்தரை மணி. மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1ஐ ஏற்றுவதற்கு அன்றுதான் கடைசி நாள். சித்தப்பாவிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் இன்னும் பில்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் அப்பா வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். உள்ளே வாங்க என்றால், "இருக்கட்டும் தம்பி" என்றார்.

"எல்லா மாசமும் இதே கதைதான்டா" என்றார் சித்தப்பா. "இருபது பேர் அஞ்சாம் தேதியே பில்லக் கொண்டாந்து குடுத்துடுவாங்க. ஒரு பதினஞ்சு பேர் பத்தாம் தேதி ராத்திரி பையத் தூக்கிட்டு வருவாங்க. எப்பவும் அதே பதினஞ்சு பேர்தான்."

நான் மென்பொருள் பொறியாளன். எங்கள் தொழிலில் அவசர வேலைக்குத் தனி விலை உண்டு, அதில் யாருக்கும் வெட்கமும் கிடையாது. அன்றிரவே எக்ஸெல்லில் ஒரு பில் தாள் செய்துகொடுத்தேன். பில்கள் வந்து சேர்ந்த தேதியைப் போட்டால் போதும், 7ஆம் தேதியைத் தாண்டியிருந்தால் 500 ரூபாய் தானாகக் கூடிக்கொள்ளும். தலைப்பு 'லேட் ஃபீ'. சித்தப்பா தயங்கினார். "பழகினவங்ககிட்ட எப்படிடா?" என்றார். "நீங்க கேக்க வேண்டாம், கம்ப்யூட்டர் கேக்கும்" என்றேன். பெரிய புத்திசாலித்தனமாகத்தான் அப்போது பட்டது.

அதற்குப் பின் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், வரி தாமதமானால் இந்த மண்ணில் யார் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

*

திருவண்ணாமலை மாவட்டத்தில் உக்கல் என்றொரு சிற்றூர். அங்குள்ள பெருமாள் கோயிலில் முதலாம் ராஜராஜனின் 24ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நம் கணக்கில் 1008-09. தஞ்சைப் பெரிய கோயில் கிட்டத்தட்ட முடிந்துகொண்டிருந்த சமயம். சோழ மண்டலம், தொண்டை மண்டலம், பாண்டிய நாடு மூன்றுக்குமான ஆணை அது. பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோருடைய ஊர்களில், ஊராரோடு சேர்ந்து வரி செலுத்தாமல் இரண்டு முழு ஆண்டுகள் நிலுவை வைத்த காணியாளர்களின் நிலத்தை அந்தந்த ஊராரே விற்றுக்கொள்ளலாம் என்கிறது. 16ஆம் ஆட்சியாண்டு முதல் 23ஆம் ஆட்சியாண்டு வரையிலான நிலுவைகள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

அந்த 16ஆம் ஆண்டைக் கவனிக்க வேண்டும். ராஜராஜன் நாடு முழுக்க நிலம் அளக்கச் செய்ததும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். அளந்த கணக்குகளைப் பார்த்தால், ஒரு வேலியை ஐயாயிரம் கோடிப் பங்குக்கும் மேலாகப் பகுத்துப் பின்னம் எழுதியிருக்கிறார்கள். புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி என்று வரித்துறைப் பதவிகள் கல்வெட்டுகளில் அடுக்கடுக்காக வருகின்றன. ஒரு பொறியாளனாக எனக்கு இதில் வியப்பில்லை. யார் எவ்வளவு தரவேண்டும் என்ற தரவுத்தளம் முதலில் வேண்டும். அது இருந்தால்தான் 'நிலுவை' என்ற சொல்லுக்கே பொருள் உண்டு.

'ஊராரோடு சேர்ந்து' என்பதுதான் என்னை நிறுத்தியது. அரசுக்கு வரியை வசூலித்துக் கட்டும் பொறுப்பு சபைக்கு, ஊருக்கு. ஒருவர் கட்டாமல் விட்டால் பளு பக்கத்து நிலத்துக்காரர் தலையில் விழும். அதனால்தான் விற்கும் உரிமையும் ஊராருக்கே போகிறது. இதை அன்பான ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. காணி போனால் ஊரில் அவனுக்கு இருந்த மரியாதையும் போயிற்று. ஆனால் இரண்டு அறுவடை ஆண்டுகள் அவகாசம் இருந்தது. தண்டிப்பவனுக்கு அவன் ஏன் கட்டவில்லை என்பது தெரியும், வாய்க்காலில் தண்ணீர் வராததைத் தினமும் பார்த்தவன்தானே அவன்.

*

அந்த அவகாசம் எவ்வளவு சுருங்க முடியும் என்பதை 1793இல் வங்காளம் பார்த்தது. காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தரத் தீர்வையின்படி, குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் ஜமீன்தார் பணம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் ஜமீன் ஏலம். சூரிய அஸ்தமனச் சட்டம் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. வெள்ளமா, வறட்சியா என்ற கேள்விக்கே இடமில்லை. முதல் இருபது வருடங்களுக்குள் ராஜ்ஷாஹி, நதியா, விஷ்ணுபூர் போன்ற பழைய பெரிய ஜமீன்கள் ஏலத்தில் துண்டு துண்டாயின.

தஞ்சைக்குக் கம்பெனி வந்தது 1799இல், இரண்டாம் சரபோஜியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியாக. இங்கே வங்காளம்போல் எல்லாம் ஜமீனாகவில்லை, மிராசுதார்களின் நாடு இது. வரி 'கிஸ்தி' ஆனது. அறுவடையை ஒட்டித் தவணை. ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டு, வருடத்துக்கு ஒருமுறை ஜமாபந்தி என்று இன்றும் வருவாய்த்துறை பேசும் சொற்கள் எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

1864இல் சென்னை மாகாணத்துக்கு வருவாய் வசூல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நிலுவைக்காரரின் பொருளை ஜப்தி செய்யலாம், நிலத்தை ஏலம் விடலாம், ஆளையே சிறையிலும் வைக்கலாம் என்ற கடுமையான சட்டம். அதன் 25ஆம் பிரிவைப் படிக்கும்போது எதிர்பாராத ஒரு சொல் அகப்பட்டது. நிலத்தில் கைவைப்பதற்கு முன் நிலுவைக்காரருக்கு எழுத்தில் ஒரு கேட்பு அறிவிப்பு கொடுக்க வேண்டும். எவ்வளவு பாக்கி, எந்த நிலத்துக்கு, எத்தனை நாள் கெடு என்பதோடு, அந்த அறிவிப்பைக் கொண்டுவந்து தருகிற ஆளுக்கு உரிய 'பேட்டா' எவ்வளவு என்பதையும் அதில் எழுத வேண்டும்.

பேட்டா! நம் டிரைவர்களும் சினிமாத் தொழிலாளர்களும் வாங்குகிற அதே பேட்டாதான். பாக்கி அரசுக்கு. ஆனால் நீ நேரத்துக்குக் கட்டாததால் ஒருவன் வெயிலில் உன் ஊருக்கு நடந்துவந்தானே, அந்த நடைக்குக் கூலி தனி. அது அவன் பெயரிலேயே எழுதப்பட்டது. நான் தேடிக்கொண்டிருந்த 500 ரூபாயின் மூதாதையை இங்கேதான் கண்டேன்.

*

கிராமத்தில் வரிக்கணக்குக்கு நடுவாள் கணக்குப்பிள்ளை, அதாவது கர்ணம். பரம்பரைப் பதவி. யார் நிலம் எவ்வளவு, யாருக்கு எப்போது பணம் வரும் என்று கைவிரலில் வைத்திருப்பவர். அந்த அறிவை நல்லதற்கும் பயன்படுத்தினார்கள், கெட்டதற்கும் பயன்படுத்தினார்கள். கர்ணத்தைப் பகைத்துக்கொண்டு ஊரில் நிலம் வைத்திருக்க முடியாது என்பது எங்கள் தாத்தா தலைமுறை அனுபவம். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. அவர்கள் இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். சரியான முடிவுதான்.

வருமான வரி வேறு பாதையில் வந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் காலியான கஜானாவை நிரப்ப 1860இல் ஜேம்ஸ் வில்சன் அதை இந்தியாவில் அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டு கல்கத்தாவில் இறந்தும்போனார். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 271எஃப் என்றொரு பிரிவு இருந்தது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்தும் ரிட்டர்ன் தராவிட்டால் அலுவலர் 5,000 ரூபாய் தண்டம் விதிக்கலாம். 'விதிக்கலாம்', அவ்வளவுதான். தகுந்த காரணம் இருந்ததை நிரூபித்தால் தண்டம் கூடாது என்று இன்னொரு பிரிவு சொன்னது. அதாவது, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு காது இருந்தது.

2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அதற்குப் பதிலாக 234எஃப் பிரிவைக் கொண்டுவந்தது. தண்டம் 'கட்டணம்' ஆயிற்று. இப்போதைய அளவில் 5,000 ரூபாய், மொத்த வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டாவிட்டால் அதிகபட்சம் 1,000. போர்ட்டலே கணக்குப் போட்டுக்கொள்ளும். அதே 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டியிலும் இப்படித்தான். இன்று ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத மாதம் என்றால் 20 ரூபாய், ஓர் உச்சவரம்பு வரை. இதில் நன்மை இல்லாமல் இல்லை. காரணம் கேட்கும் காது சில மேசைகளில் கவரையும் கேட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். இயந்திரம் லஞ்சம் கேட்காது. உன் மகளுக்குப் பிரசவம் என்றால் அதற்குப் புரியவும் புரியாது.

ஜிஎஸ்டியில் ஒரு விசித்திரம், உக்கல் கல்வெட்டு திரும்ப வந்தது மாதிரி. விற்றவர் ஜிஎஸ்டிஆர்-1 ஏற்றினால்தான் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். தாராசுரத்தில் ஒருவர் தாமதித்தால் வேறு ஊரில் இன்னொருவர் கையிலிருந்து வரி கட்டவேண்டி வரும். ஊராரோடு சேர்ந்துதான் இப்போதும் வரி கட்டுகிறோம். அந்த ஊரார் யாரென்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

*

இனி சித்தப்பாவின் அலுவலகம். 500 ரூபாய் அமலுக்கு வந்த நாலைந்து மாதங்களில் பதினைந்து பேர் இருபத்திரண்டு பேரானார்கள். அதுவரை 5ஆம் தேதி தந்துகொண்டிருந்த சிலரும் 10ஆம் தேதி வர ஆரம்பித்தார்கள். "அதான் காசு குடுக்கறோம்ல சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம் ஒருவர். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் இதையே சோதித்துப் பார்த்து 2000இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும் தாமதம் ஏறத்தாழ இரு மடங்கானது. அபராதத்தை நீக்கிய பிறகும் அது குறையவில்லை. ஆசிரியை காத்திருக்கிறாரே என்ற கூச்சம் இருந்த இடத்தில் ஒரு விலை வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. சித்தப்பாவிடம் தொழில் தொடங்கிய நாளிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சேலை வியாபாரி, மூன்று மாதம் மறுபேச்சில்லாமல் 500 கட்டினார். வழக்கமாக உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகிறவர், பையை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே போனார். நான்காம் மாதம் வரவில்லை. வெளியூர்க் கடை ஒன்று அவருக்குப் பல மாதப் பணத்தை நிறுத்திவைத்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஜிஎஸ்டியில் சரக்குக்குப் பில் போட்டதுமே வரி விழுந்துவிடும், பணம் கைக்கு வந்ததா என்று அது பார்க்காது. வராத பணத்துக்கு எப்படி வரி கட்டுவது என்று தெரியாமல் பில்களைத் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்திருக்கிறார். முன்பாக இருந்தால் காபி குடிக்கும்போது சொல்லியிருப்பார், சித்தப்பாவும் ஏதாவது வழி சொல்லியிருப்பார்.

"கம்ப்யூட்டர் கேக்கும்னு சொன்னியே, அது 'ஏன்'னு கேக்கலியேடா" என்றார் சித்தப்பா. திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது 1864ஆம் வருடத்துச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஜப்தியை எல்லாம் விட்டுவிட்டுப் பேட்டாவை மட்டும் பிடித்துக்கொண்டார். 500 இப்போதும் இருக்கிறது. 'லேட் ஃபீ' என்ற தலைப்பை அழித்து 'பேட்டா' என்று மாற்றச் சொன்னார். அந்தப் பணம் அவருக்கில்லை, ராத்திரி உட்காரும் இரண்டு பெண்களுக்கும் சரிபாதி. போர்டிலும் அப்படியே எழுதியாகிவிட்டது. வீட்டுக்கு ஆட்டோவில் போகிறார்கள். வாசலில் சைக்கிள் நிற்பதில்லை.

பக்கத்தில் 'காரணம்' என்று இன்னொரு கட்டமும் சேர்த்தேன். அதற்குச் சூத்திரம் கிடையாது. சித்தப்பா கேட்டு அவரே தட்டுவார். நியாயமான காரணம் என்றால் வாடிக்கையாளரிடம் வாங்காமல் பேட்டாவைத் தன் கையிலிருந்து பெண்களுக்குக் கொடுத்துவிடுவார். போன தீபாவளிக்கு அந்தத் தாளைத் திறந்து பார்த்தேன். 'கடைக்காரர் செக் திரும்பிவிட்டது.' 'அம்மா ஆஸ்பத்திரியில்.' 'சாயப்பட்டறையில் தண்ணீர்.' நடுநடுவே, ஒரே ஆளின் பெயருக்கு நேராக, மாதம் தவறாமல்: 'சும்மாதான் சார்.' அவர் மட்டும் ஒரு முறைகூட முணுமுணுக்காமல் 500 கட்டியிருக்கிறார்.

சேலை வியாபாரி இன்னும் திரும்பி வரவில்லை. அவருடைய கோப்பு அதே அலமாரியில்தான் இருக்கிறது. சித்தப்பா அதைக் கட்டி மேலே போடவில்லை.