எக்கோ: இதயத் தசையின் வலுவை அறிந்த வரலாறு

மாரடைப்பில் அடிபட்ட இடது கீழறை எவ்வளவு வலுவுடன் சுருங்குகிறது என்று மீயொலி அலைகளால் பார்த்தறியும் சோதனை எக்கோ. திருவாரூர் மாவட்டம் குடவாசல் பக்கத்தில் இதற்காகக் கும்பகோணம், திருவாரூர், தஞ்சாவூர் என்று போய் வருகிறார்கள். அறிக்கை கைக்கு வந்ததும் வீட்டார் கேட்பது, "பம்பிங் எவ்வளவு?"

1935இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் டென்னன்ட்டும் விக்கர்ஸும் நாயின் இதயத் தமனியை அடைத்துப் பார்த்தனர். இரத்தம் நின்ற பகுதி சிறிது நேரத்திலேயே சுருங்க மறந்து, மற்ற சுவர் உள்ளே வரும்போது வெளியே புடைத்தது. எக்கோ மருத்துவர் இன்று திரையில் தேடுவதும் இதைத்தான்.

1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலர் ஹெர்ட்ஸும், உலோகத்தில் விரிசல் காணும் கருவியை இரவல் வாங்கி இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர். அவர்கள் தேடியது மைட்ரல் வால்வின் கோளாறு. ஒற்றைக் கோடு வழியே பார்க்கும் அந்த எம்-மோடு முறை வால்வுக்குப் போதும். மாரடைப்புச் சேதமோ கோட்டுக்கு வெளியே ஒளிந்திருக்கலாம். 1970களில் பரவிய இருபரிமாணப் படம் இந்தக் குறையைத் தீர்த்தது. 1989இல் அமெரிக்க எக்கோ சங்கம் சுவரை 16 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அசைவுக்கும் மதிப்பெண் இட வகை செய்தது.

பம்பிங் என்பது நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் பங்கு. நல்ல இதயத்திலும் அது 55 முதல் 70 சதவீதம்தான். 60 என்று கண்டு மீதி 40 போய்விட்டதாகக் கலங்கத் தேவையில்லை. அந்த எண்ணைவிட, எந்தச் சுவர் அசையவில்லை, அது செத்ததா உறங்குகிறதா என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டும். மும்பையில் பிறந்த இதயநோய் மருத்துவர் ரஹிம்தூலா 1980களில் நிலைநாட்டிய கருத்து இது: இரத்தம் குறைந்த தசை, மேட்டூர்த் தண்ணீர் வராத வயலைப் போல, வேலையை நிறுத்திவிட்டு உயிரோடு காத்திருக்கக்கூடும். டோபுட்டமின் மருந்தைச் சிறிதளவு செலுத்தி எக்கோ பார்த்தால் அத்தகைய தசை அசைந்து காட்டும். அடைப்பை நீக்கினால் தேறவும் வாய்ப்புண்டு.

மாரடைப்பு வந்த வாரத்தில் தசை திகைத்து நிற்பதால் எண் குறைந்து வரக்கூடும். ஆகவே, ஆபத்தான துடிப்புக் கோளாறை மின்னதிர்ச்சி தந்து சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியைப் பொருத்துவது பற்றி, குறைந்தது 40 நாள் மருந்து கொடுத்து மீண்டும் எக்கோ எடுத்து, 35 சதவீதமோ அதற்குக் குறைவோ என்று கண்ட பிறகே பேசுகிறார்கள்.