சுவர்த் துளைக்கு ஒரு காவல்



வைஃபைக்குக் கடவுச்சொல் வைக்கிறோம். அதனை அடிக்கடி மாற்றுமாறும் அறிவுறுத்துகிறோம். கணினி அறைச் சுவரில் உள்ள லேன் துளையைப் பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை. கம்பியைச் செருகினால் இணைப்புக் கிடைக்கும், அவ்வளவுதான் என்பதே பலருடைய எண்ணம். அவ்வெண்ணத்தின் வேரைத் தேடி வரலாற்றைச் சற்றே புரட்டினேன்.

1973-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கினர். ஒரே வடம், எல்லாக் கணினிகளும் அதில் இணைந்திருக்கும். ஒன்று பேசுவது அனைத்தின் செவியிலும் விழும். ‘யார் நீ?’ என வினவ அங்கு எவருமில்லை. கட்டடத்தின் கதவுப் பூட்டே காவல்.

1990-இல் கல்பனா என்னும் நிறுவனம் ஏழு போர்ட்டுகள் கொண்ட ஈதர்நெட் சுவிட்சை அறிமுகம் செய்தது. நிறுவனர்களுள் ஒருவரான வினோத் பரத்வாஜின் மனைவி பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று (நம் ‘கற்பனை’யும் அச்சொல்லே!). சுவிட்ச் வந்தபின் ஒவ்வொரு கணினிக்கும் தனி வாயில் அமைந்தது. வாயில் இருந்தால்தானே காவலரை நிறுத்த இயலும்?

வினவும் முறை தொலைபேசி இணைப்பிலிருந்து வந்தது. மோடம் வழியே அழைப்பவரிடம் பெயரும் கடவுச்சொல்லும் கேட்பது அன்றே வழக்கம். அத்தகைய இணைப்புகளுக்கென வகுக்கப்பட்ட ஈஏபி நெறிமுறை 1998-இல் வெளியானது. அதனை ஈதர்நெட்டில் பயன்படுத்த வழிசெய்யும் 802.1எக்ஸ் தரத்தை ஐஇஇஇ அமைப்பு 2001-இல் ஏற்றது.

இதன்படி, கம்பியைச் செருகியதும் வாயில் திறவாது. வினா விடைக்குரிய செய்திகளை மட்டுமே சுவிட்ச் ஏற்கும். கணினி தரும் விடையைத் தானே ஆராயாமல் சரிபார்ப்புச் சேவையகத்துக்கு அனுப்பும். அங்கிருந்து இசைவு வந்த பின்னரே வழிவிடும். நம் பள்ளி வாயிற்காவலர் அலுவலகத்தை அழைத்துக் கேட்பதைப் போன்றதே இது.

எனினும் ஒரு குறை இருந்தது. நுழையும்போது வினவியதோடு காவலரின் பணி முடிந்துவிடும். இசைவு பெற்ற கணினிக்கும் சுவருக்கும் இடையே ஒரு ஹப்பைச் செருகி, அக்கணினியின் முகவரியைப் பூண்டு வேறொரு கருவி உள்ளே நுழைய முடிந்தது. ஒவ்வொரு செய்திக்கும் முத்திரையிடும் மேக்செக் தரம் 2006-இல் வந்தது. 2010-இல் திருத்தப்பட்ட 802.1எக்ஸ் அதனோடு கைகோத்தது. ஆயினும், அதனை அறிந்த கருவிகள் இருபுறமும் இருந்தால்தான் பயன்.

பள்ளிகளுக்குப் பெரிய தொல்லை அச்சுப்பொறிதான். பழைய அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு இவ்வினாவுக்கு விடைகூறத் தெரியாது. ஆகவே வன்பொருள் முகவரியை மட்டும் பார்த்து அவற்றை உள்ளே விடுவர். அம்முகவரியோ பல வேளைகளில் கருவியின் முதுகிலேயே ஒட்டப்பட்டிருக்கும்! துடிப்பான மாணவன் ஒருவன் அதனைப் படித்துத் தன் மடிக்கணினிக்குச் சூட்டிவிடலாம். மதிப்பெண்களும் குடும்ப விவரங்களும் உள்ள வலையமைப்பிலிருந்து இத்தகைய கருவிகளைப் பிரித்து வைப்பதே தக்கது என்பது என் கருத்து. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கணினி அறையைப் பற்றிப் பேச்செழுந்தால், அச்சுப்பொறியின் கம்பி எந்த வலையமைப்பில் சேர்கிறது என்றும் வினவுங்கள்.