தரங்கம்பாடிச் சிறையில் நான்கு மாதங்கள்

காரைக்காலிலிருந்து கடலோரமாகவே வடக்கே சென்றால் தரங்கம்பாடி. 1706இல் அங்கு வந்திறங்கிய ஜெர்மானியப் போதகர் சீகன்பால்கு, 1708 நவம்பரில் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். டென்மார்க் மன்னர் அனுப்பிவைத்தவரை அம்மன்னரின் தளபதி ஹாசியுஸே அடைத்தார். இருவரும் லுத்தரன் சபையினர். பிற மதத்தார் தந்த துன்பமெனில் ஆறுதல் சொல்வது எளிது. இதற்கு என்ன சொல்வது?

எழுதுகோலும் தாளும் முதலில் மறுக்கப்பட்டன. அவை கிடைத்தபின், கிறிஸ்தவ வாழ்வைக் குறித்தே அவர் ஒரு நூல் எழுதினார். வசதியான அறையில் அமர்ந்து எழுதியிருந்தால் அதை நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன்.

1709 மார்ச்சில் விடுதலை. கைதாகுமுன் தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டுத் தமிழாக்கத்தை 1711இல் முடித்தார். 1715இல் அது தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. 1719இல், 36 வயதில் இறந்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அவர் கல்லறை இருக்கிறது.