காசு சேர்க்க முன் ஒரு பழைய கதை



பாடசாலைக்குப் புதுக் கொம்பியூட்டர் வாங்கக் காசு சேர்ப்போம் என்று ஊரில் பேச்சு நடக்கிறது. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. பழைய கொம்பியூட்டர் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அப்படியென்றால் எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டியதுதானா? இதே கேள்வி முப்பது வருடமாக உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1995இல் விண்டோஸ் 95 வந்தபோது கொம்பியூட்டர் என்றாலே விண்டோஸ்தான். அந்த நேரத்தில் நெட்ஸ்கேப் என்ற சின்னக் கம்பனியின் பிரவுசர் பரவியது. ஒரு புரோகிராம் பிரவுசருக்குள்ளேயே ஓடினால், கீழே விண்டோஸ் இருந்தால் என்ன, வேறொன்று இருந்தால் என்ன? பில் கேட்ஸ் பயந்தது இதற்குத்தான். தன்னுடைய பிரவுசரை விண்டோஸோடு சேர்த்துச் சும்மா கொடுத்தார். 1998இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 2000இல் கம்பனியை இரண்டாகப் பிரிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அடுத்த வருடமே மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிக்கும் கட்டளையை நீக்கியது. அதற்குள் நெட்ஸ்கேப்பின் கதை முடிந்திருந்தது.

சிரிப்பு என்னவென்றால், பக்கத்தைத் திரும்பத் திறக்காமலே பிரவுசருக்குள் தகவலை எடுத்து வரும் நுட்பத்தை 1999இல் தன் பிரவுசரில் முதலில் வைத்தது மைக்ரோசொப்டேதான். தன் வீட்டுச் சாவியைத் தானே வெட்டிக் கொடுத்த மாதிரி. 2004இல் ஜிமெயில் அந்தச் சாவியால்தான் கதவைத் திறந்தது. 2005இல் சென்னையில் ஶ்ரீதர் வேம்புவின் கம்பனி, பிரவுசரிலேயே கடிதம் அடிக்கும் ஸோஹோ ரைட்டரை வெளியிட்டது. கூகுள் டொக்ஸ் அதற்குப் பிறகுதான் வந்தது. 2008இல் வந்த குரோம் பிரவுசரின் வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை. பெரிய கம்பனியின் பிடி தளர்ந்ததில் நம் மொழிக்காரரின் கையும் இருக்கிறது.

மைக்ரோசொப்ட் விழுந்துவிடவில்லை. 2010இல் ஒபிஸை இணையத்துக்குக் கொண்டுபோனது. 2014இல் சத்யா நாதெல்லா தலைவராகி இரண்டு மாதத்துக்குள் அது ஐபேடிலும் ஓடியது. மேசைக் கொம்பியூட்டரில் இன்றும் விண்டோஸ்தான் அதிகம். ஆனால் அது இல்லாவிட்டால் வேலையே இல்லை என்ற காலம் போய்விட்டது. கொரோனா நேரம் நம் பிள்ளைகள் போனிலேயே படித்ததை நாம் பார்த்தோம்.

நம் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்னும் பாமினியில்தான் வினாத்தாள் அடிக்கிறோம். அது ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டிய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். யூனிகோட்டில் அடித்தால் எங்கேயும் தமிழாகவே வரும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே அதற்கு வசதி இருக்கிறது. பழக்கம்தான் நம்மை விடவில்லை.

கூகுளின் குரோம் ஓஎஸ் பிளெக்ஸ் இலவசம். 4 ஜிபி ரெம் உள்ள பழைய கொம்பியூட்டரில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். குறையும் உண்டு. இணையம் இல்லாவிட்டால் பாதி வேலை நின்றுவிடும், டேட்டாக் காசும் சும்மா வராது. அதனால் ஒன்றிரண்டில் லினக்ஸும் லிப்ரே ஒபிஸும் போட்டு வைப்பது நல்லது. சொல் செயலியும் விரிதாளும் பழக அது போதும்.

இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பேசுவோம். அதற்கு முன் இருக்கிற கொம்பியூட்டரில் ஒன்றில் போட்டுப் பார்ப்போம். ஓடாவிட்டால் மட்டும் காசு சேர்ப்போம்.