வாஷிங்டன் என்னும் ஊர்ப்பெயர்

பிழைப்பின்பொருட்டு வடபுலம் வந்த தமிழ்க் குடும்பத்தார், பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் நாளில் முதலில் தடுமாறுவது படிவத்தில் 'சர்நேம்' என்றிருக்கும் கட்டத்தின் முன்னேதான். தந்தை பெயரை எழுதுவோர் உளர். ஊர்ப்பெயரை எழுதுவோரும் உளர். உ. வே. சாமிநாதையரின் 'உ' உத்தமதானபுரத்தைக் குறிப்பதுபோல, பெயரின் முன்னே ஓரெழுத்தாய் ஒடுங்கி நின்ற ஊர், இங்கே பெயரின் பின்னே வந்து முழுமையாக அமர்ந்துவிடுகிறது. 'சர்நேம்' என்ற சொல்லை நமக்குத் தந்த ஆங்கிலேயரிடையே ஊர்ப்பெயர் குடிப்பெயரான வரலாற்றை ஒரு பெயரை மட்டும் கொண்டு காண்போம்.

அமெரிக்கத் தலைநகர் ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரால் அமைந்தது என்பதை யாவரும் அறிவோம். அவருக்கு அப்பெயரைத் தந்ததும் ஓர் ஊரே என்பதைப் பலர் அறியார். இங்கிலாந்தின் வடகிழக்கில், பழைய டர்ஹாம் கோட்டத்தில், வேர் ஆற்றை அடுத்துள்ள ஊர் அது. ஹ்வாசா என்பவனைச் சார்ந்தோரின் 'டூன்' என்பதே பெயரின் பொருள் என்பர் மொழிநூலார். அந்த ஹ்வாசா யாரென்பதற்கு ஊர்ப்பெயரைத் தவிர வேறு சான்றில்லை. 'டூன்' என்பது முதலில் வேலியிட்ட இடம், பின்னர்ப் பண்ணை, அதன்பின் ஊர். அதன் உறவுச்சொல் ஜெர்மானிய மொழியில் இன்றும் வேலியையே குறிக்கிறது. டச்சு மொழியில் தோட்டத்தைக் குறிக்கிறது. ஆடுமாடுகளை அடைத்த பட்டி நம் நாட்டில் ஊராகி, ஊர்ப்பெயர்களின் ஈறாகவும் நிலைத்ததை இங்கே நினைவு கூரலாம்.

டர்ஹாம் ஆயர் தம் நிலங்களைக் கணக்கெடுத்து 1183 இல் எழுதுவித்த போல்டன் ஏட்டில் வில்லியம் என்னும் நிலக்கிழார் ஒருவர் காணப்படுகிறார். அவர் ஹார்ட்பர்ன் என்ற தம் ஊரைக் கொடுத்து அதற்கு மாற்றாக வாஷிங்டனைப் பெற்றிருந்தார். ஆண்டுக்கு நான்கு பவுன் இறுப்பதும், ஆயரின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டை நாய்களுடன் செல்வதும் அவர் கடமை. ஊரை மாற்றியவர் பெயரையும் மாற்றினார். ஹார்ட்பர்ன் என்றால் கலைமான் ஓடை. மாற்றம் நிகழாதிருந்தால் அமெரிக்கத் தலைநகர், ஆங்கிலச் செவிக்கு நெஞ்செரிச்சலாய் ஒலிக்கும் அப்பெயரையன்றோ தாங்கியிருக்கும்!

1066 இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் இவ்வழக்கம் பெருகியது. நிலக்கிழார் தாம் ஆளும் ஊரின் பெயரைக் கொண்டனர். எளியோர்க்கோ தாம் விட்டு வந்த ஊரின் பெயர் கிடைத்தது. ஊருக்குள் இருப்பவனை அவ்வூர்ப் பெயரால் அழைப்பதில் பயனில்லை. அங்கே எல்லாரும் அவ்வூராரே. வேற்றூரில் குடியேறியவனையே, அண்டை வீட்டார் 'இன்ன ஊரான்' என்று சுட்டினர். அவன் பேரனோ அவ்வூரைக் கண்டிருக்கவும் மாட்டான்; ஆயினும் பெயர் அவனை விடுவதில்லை.

வாஷிங்டன் குடியினரும் பின்னர் இவ்வகையினராயினர். அக்குடியின் ஒரு கிளை வடமேற்குப் பகுதிகளுக்குச் சென்றது. அதன் வழியில் வந்த லாரன்ஸ் வாஷிங்டன் என்ற கம்பளி வணிகர் நார்த்தாம்ப்டன் நகரத் தலைவராகி, 1539 இல் சல்கிரேவ் என்னும் ஊரில் நிலம் வாங்கினார். அவர் வழித்தோன்றலாகிய ஜான் 1657 இல் புகையிலைக் கப்பலொன்றில் வர்ஜீனியாவுக்கு வந்தார். கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் 1732 இல் பிறந்த ஜார்ஜ். அதே பொட்டோமாக் கரையில் எழவிருந்த தலைநகருக்கு 1791 இல் ஜார்ஜின் குடிப்பெயரை இட்டனர். ஊரிலிருந்து ஆளுக்கு வந்த பெயர், அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் ஆளிடமிருந்து ஊருக்குத் திரும்பியது.

இவ்வளவில் நிறுத்தினால் வரலாறு பாதியே ஆகும். ஜார்ஜுக்குத் தம் மக்கள் இல்லை. 1799 இல் அவர் இறந்தபோது அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவருள் 123 பேர் அவருக்கே உரியவர். அவர்களை விடுவிக்குமாறு விருப்பமுறி எழுதி வைத்தார். நாடு முழுவதும் அடிமைமுறை ஒழிந்தது 1865 இல். விடுதலை பெற்றோருள் பலர் தமக்கென ஒரு குடிப்பெயரைத் தாமே தேர்ந்தனர். ஆண்ட ஊருமன்று, விட்டு வந்த ஊருமன்று. ஆப்பிரிக்காவில் அவர்தம் முன்னோர் விட்டு வந்த ஊர்களின் பெயரைக் கேட்டெழுதுவார் எவருமிலர். 2000 ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கில் வாஷிங்டன் என்னும் குடிப்பெயருடையோர் ஏறத்தாழ 1,63,000 பேர். அவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பின மக்கள்.

அவ்வின மக்களுக்குப் பெருங்கல்விப் பணியாற்றிய புக்கர் வாஷிங்டன் அடிமையாகப் பிறந்தவர். பள்ளிக்குச் சென்ற முதல் நாளில், பிற பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்டு கலங்கினார். அவருக்கு இருந்ததோ புக்கர் என்ற ஒன்றே. தம் முறை வந்ததும், பிறந்தது முதலே அப்பெயரால் வழங்கியவர்போல 'புக்கர் வாஷிங்டன்' என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். வாஷிங்டன் என்பது அவருடைய மாற்றாந்தந்தையின் முற்பெயர். தாம் பிறந்தபோது தாய் 'டாலியாஃபெரோ' என்றொரு பெயரும் இட்டிருந்தாள் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தார். அதனையும் அவர் விடவில்லை, புக்கர் டி. வாஷிங்டன் என்பதன் நடுவே நிற்கும் ஓரெழுத்து அதுவே.