கொடையாளரின் குவளை

குருதியேற்றத்தின் வரலாறு பெரும்பாலும் குருதியைப் பெற்றுப் பிழைத்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதைக் கொடுத்தவருக்குக் கட்டிலைவிட்டு எழும்போது தலை சுற்றியதும், அப்போது அவர் கையில் வைக்கப்பட்ட குவளையும் அந்நூல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

1908 மார்ச்சில் நியூயார்க் நகரில் அலெக்ஸிஸ் காரெல் என்னும் அறுவை மருத்துவர், பிறந்து சில நாள்களே ஆகியிருந்த பெண் குழந்தையொன்றைக் காப்பதற்காக, தந்தையின் மணிக்கட்டுத் தமனியை அக்குழந்தையின் கால் சிரையோடு நுண்ணிய இழையால் தைத்து இணைத்தார். எவ்வளவு குருதி சென்றது என்பதை அளந்தறிய வழியில்லாத அம்முறையில், வெளுத்துக் கிடந்த குழந்தையின் மேனி சிவப்பதே அளவுகோலாக இருந்தது. தந்தையின் உடல் எவ்வளவு இழப்பைத் தாங்கும் என்பதைச் சொல்லக் கருவி ஏதும் இல்லை. 1914இல் பிரஸ்ஸல்ஸில் ஹூஸ்டினும் புவனஸ் அயர்ஸில் அகோட்டேயும், குருதியை உறையவிடாத சோடியம் சிட்ரேட் என்னும் உப்பைத் தனித்தனியே பயன்படுத்திக் காட்டிய பின்னரே, கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே படுத்திருக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது.

கொடையாளர் நலனைத் தனிப் பொருளாகக் கருதும் போக்கு, 1921இல் லண்டனில் பெர்சி லேன் ஆலிவர் தொடங்கிய தன்னார்வக் கொடையாளர் பணியோடு வலுப்பெற்றது எனலாம். கூலி பெறாமல் வருபவரை வருத்தி அனுப்பினால் அவர் மறுமுறை வரமாட்டார் என்பது வெளிப்படை. எனவே சிரையைக் கீறித் திறக்காமல் ஊசியால் குருதி எடுப்பதையே அவ்வமைப்பினர் வலியுறுத்தினர். இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டனில், குருதி தந்தவர் சற்றுப் படுத்திருந்து தேநீர் அருந்திவிட்டுச் செல்வது வழக்கமாயிற்று. இந்திய முகாம்களில் இன்றும் பழச்சாறும் பிஸ்கட்டும் பெரும்பாலும் குருதி கொடுத்து முடித்தவர்களுக்கே காத்திருக்கின்றன. உபசாரம் என்ற முறையில் இது பொருத்தமே. ஆனால் மயக்கம் விருந்து முடியும்வரை பொறுத்திருப்பதில்லை.

ஒரு முறைக்கு 350 அல்லது 450 மில்லிலிட்டர் குருதி எடுக்கப்படும்போது, உடலிலுள்ள மொத்தக் குருதியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சில நிமிடங்களில் வெளியேறுகிறது. அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஓரிரு நாள்களில் ஈடாகிவிடும். சிவப்பணுக்களுக்குப் பல வாரங்கள் வேண்டும். எனினும் உடனடித் தொல்லை தருவது வேகஸ் நரம்பின் எதிர்வினையாகும்: அச்சமும் குருதியிழப்பும் சேர்ந்து அந்நரம்பைத் தூண்ட, இதயத் துடிப்பு தளர்ந்து, நாளங்கள் விரிந்து, மூளைக்குச் செல்லும் ஓட்டம் குறைகிறது. நெற்றி வியர்த்து, உதடு வெளுத்து, கண் இருட்டிக்கொண்டு வருவது இதனால்தான்.

குருதி எடுப்பதற்கு முன் குடிக்கும் தண்ணீர், இழக்கப்போகும் நீரை ஈடு செய்கிறது என்பது பொதுவான எண்ணம். இந்த விளக்கம் பிழையன்று, ஆனால் முழுமையுமன்று. 1999, 2000 ஆண்டுகளில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எழுந்து நின்றாலே குருதியழுத்தம் சரிந்துவிடும் நோயாளிகளுக்கு ஏறத்தாழ 480 மில்லிலிட்டர் வெறும் தண்ணீரைக் கொடுத்தபோது, சில நிமிடங்களிலேயே அழுத்தம் வியக்கத்தக்க அளவு உயர்வதைக் கண்டனர். நீரின் அளவால் மட்டும் இதை விளக்க இயலவில்லை. நாளங்களை இறுக்கும் பரிவு நரம்புகளை அது தூண்டுவதாக அவர்கள் கருதினர். அடுத்த சில ஆண்டுகளிலேயே இக்கருத்து குருதிக்கொடைக் கூடத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. 2007இல் வெளியான ஆய்வொன்றில், முன்கூட்டியே 473 மில்லிலிட்டர் தண்ணீர் அருந்திய அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே மயக்கம் முதலிய தொல்லைகள் 21 விழுக்காடு குறைந்திருந்தன.

இந்தியாவில் பணத்துக்குக் குருதி விற்பது உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டதால், குருதி வங்கிகள் இளைஞர்களின் மறுவருகையையே பெரிதும் நம்பியுள்ளன. தண்ணீரின் இவ்விளைவு அரை மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, ஒரு மணி நேரத்துக்குப் பின் தணிந்துவிடுவதால், முகாமுக்கு வருபவர் காலையில் வீட்டில் குடித்துவிட்டு வந்த தண்ணீர் இதற்குப் போதாது. குவளையை வைக்க வேண்டிய இடம் பெயர் பதியும் மேசையே ஆகும்.