முடக்கு வாதத்தின் அறிகுறிகள்

முடக்கு வாதம் என்பது உடலின் நோயெதிர்ப்பு முறைமை தன் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குவதால் உண்டாகும் நீடித்த அழற்சி நோயாகும். இது தன்னெதிர்ப்பு நோய்களுள் ஒன்று. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாகப் பாதிக்கிறது. எந்த வயதிலும் வரலாம் எனினும் 30 வயதுக்கு மேல் தொடங்குவதே வழக்கம். இந்நோய்க்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1859 ஆம் ஆண்டில் ஆல்பிரட் பேரிங் கேரட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இட்டார்.

பெயர்க் குழப்பம்

தமிழில் "வாதம்" என்னும் சொல் பல நோய்களுக்கு வழங்குகிறது. பக்கவாதம் மூளையைச் சார்ந்தது. இளம்பிள்ளை வாதம் நச்சுயிரியால் வருவது. கை கால் செயலிழப்பதையும் சிலர் முடக்கு வாதம் என்பர். மூட்டில் வலி என்றாலே கீல்வாதம் எனக் கூறிவிடுவதும் உண்டு. இதனால் நோயாளி எந்த மருத்துவரை நாடுவது என அறியாமல் மாதங்களை இழக்க நேர்கிறது.

அறிகுறிகள்

நோய் பெரும்பாலும் மெதுவாக, சில வாரங்களில் தோன்றும். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகள், விரல்களின் நடு மூட்டுகள், மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி ஆகியவை முதலில் வீங்கும். விரல் நுனியை அடுத்த மூட்டு பொதுவாகத் தப்பிவிடும். வீக்கம் எலும்புபோல் கெட்டியாக இராது, தொட்டால் மெத்தென்றிருக்கும். பெரும்பாலும் இரு கைகளிலும் ஒருங்கே காணப்படும்.

முதன்மையான அறிகுறி காலை விறைப்பு ஆகும். உறங்கி எழுந்ததும் விரல்களை மடக்க இயலாது. இந்நிலை ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும். வேலை செய்யச் செய்யச் சற்றுத் தளரும். விடியலில் கோலமாவை விரல்களுக்கிடையே பிடிக்க முடியாமை, துணியைப் பிழிய முடியாமை, பூத்தொடுக்கையில் முடிச்சு நழுவுதல், மெட்டி இறுகுதல் ஆகியன வீட்டிலேயே தெரியும் அடையாளங்கள். கண்ணாடி வளையல் அணிவிக்கும்போது வளையல்காரர் கையின் கணுக்களைச் சேர்த்து அழுத்துவார். மருத்துவர் செய்யும் அழுத்தச் சோதனையும் ஏறத்தாழ இதுவே. முன்பு எளிதாக ஏறிய வளையல் இப்போது பொறுக்க முடியாத வலி தந்தால் அதைப் புறக்கணிக்கலாகாது.

இவற்றோடு களைப்பு, மெலிவு, இலேசான காய்ச்சல், இரத்தச்சோகை, கண் உலர்தல் ஆகியனவும் இருக்கலாம். சிலருக்கு முழங்கையின் பின்புறம் வலியற்ற கணுக்கள் தோன்றும். நுரையீரலும் இதயமும்கூடப் பாதிக்கப்படலாம்.

தேய்மானத்திலிருந்து வேறுபாடு

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் மண்ணச்சநல்லூர். இத்தகைய ஊர்களில் மூட்டுவலியை "மூட்டை தூக்கிய வலி" என்று ஒதுக்குவது இயல்பே. உழைப்பாலும் வயதாலும் வரும் மூட்டுத் தேய்மானத்தில் வலி வேலை செய்தால் கூடும், ஓய்வில் குறையும். காலை விறைப்பு அரை மணிக்குள் அகலும். முழங்கால் போன்ற பளு தாங்கும் மூட்டுகளும் விரல் நுனி மூட்டுகளும் பாதிக்கப்படும். முடக்கு வாதத்தில் ஓய்வுக்குப் பின்னரே வலி மிகும்.

சிக்குன்குனியா

2006 ஆம் ஆண்டில் தமிழகம் உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் பரவிய சிக்குன்குனியா இக்குழப்பத்தை மேலும் பெருக்கியது. (1964 இலேயே சென்னையிலும் வேலூரிலும் இந்நோய் பரவியிருந்தது.) கொசுவால் பரவும் இந்நோயின் பெயர் தான்சானியாவின் மக்கொண்டே மொழியில் உடல் வளைந்து போவதைக் குறிப்பதாகும். காய்ச்சல் தணிந்த பின்னும் சிறு மூட்டுகளின் வலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். முடக்கு வாதத்தை அப்படியே ஒத்திருக்கவும் கூடும். ஆனால் சிக்குன்குனியா கடுங்காய்ச்சலுடன் திடீரெனத் தொடங்கும். வீட்டிலும் தெருவிலும் பலர் ஒருசேரப் படுப்பர். முடக்கு வாதம் தொற்றுவதில்லை.

நோயறிதல்

ஒரே சோதனையால் முடிவு செய்ய இயலாது. இரத்தத்தில் முடக்கு வாதக் காரணி காணப்படாத நோயாளிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் உள்ளனர். மறுபுறம், காசநோய், தொழுநோய் உள்ளவர்களிடமும், நலமாக உள்ள முதியோர் சிலரிடமும் அது காணப்படுகிறது. சி.சி.பி. எதிர்ப்பொருள் சோதனை இதைவிடத் துல்லியமானது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை அழற்சியின் அளவைக் காட்டுவன.

1987 ஆம் ஆண்டின் அமெரிக்க நெறிகள் காலை விறைப்பு, இருபுறப் பாதிப்பு முதலிய ஏழில் நான்கை வேண்டின. எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பு அரிப்பும் அவற்றுள் ஒன்று. அரிப்புத் தெரியும் முன்பே நோயைக் கண்டறிய வேண்டும் என்பதற்காக 2010 இல் அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் இணைந்து 10 புள்ளிகள் கொண்ட புதிய நெறிகளை வெளியிட்டன. இதில் 6 புள்ளிகள் போதும். ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வீக்கமும் ஒரு புள்ளி பெறும்.

அரிக்கப்பட்ட எலும்பு மீண்டும் பழைய நிலையை அடைவதில்லை. முதல் இரண்டு ஆண்டுகளிலேயே அரிப்புத் தொடங்கிவிடுவதால் வலிநிவாரணிகளை மட்டும் உட்கொண்டு காலம் கடத்துவது தீங்கானது. மூட்டுவலிக்கென விற்கப்படும் பெயரற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. அவை வலியை உடனே அடக்குவதால் நோய் குணமானதாகத் தோன்றும். மூட்டு அழிவோ உள்ளே தொடரும். நோயின் போக்கையே மாற்றும் மருந்துகளுள் முதன்மையான மெத்தோட்ரெக்சேட்டு வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளப்படுவது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கருவுற்ற பெண்கள் இதை உட்கொள்ளக் கூடாது.